பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப்: எங்கே பறக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது

கேள்வி இது: மார்லன் ஜேம்ஸ் எழுதிய ‘பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப்’ ஆப்பிரிக்கத் தொன்மங்களை வைத்து எழுதிய ஃபேண்டஸி நாவல் என்கிறார்கள், அதன் பலம் என்ன, பலவீனம் என்ன, 600 பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா, வீட்டில் பத்தாவது படிக்கும் மகளும் கையில் எடுப்பாள், அவளுக்கு ஒத்துவருமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். காரணம் பின்னால் வரும். மற்றதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இந்த நாவலில் எனக்குப் பிடித்ததும் எரிச்சல் மூட்டியதும் ஒரே ஊற்றிலிருந்துதான் வருகின்றன. நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை 90-ஆவது பக்கம் வாக்கில் மூடி அலமாரியில் ஏற்றிவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நீண்ட ரயில் பயணத்தில், கையில் வேறு எதுவும் இல்லாததால் திரும்ப எடுத்தபோதுதான் இதை எப்படிப் படிக்க வேண்டும் என்பது பிடிபட்டது.

முதல் தடவை நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் விழ வேண்டாம். ஜேம்ஸ் ஜமைக்காக்காரர், 1970-இல் கிங்ஸ்டனில் பிறந்தவர், 2015-இல் புக்கர் பரிசு வாங்கிய முதல் ஜமைக்க எழுத்தாளர். அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு ‘ஆப்பிரிக்காவின் கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று ஒரு வார்த்தை விட்டார். விளையாட்டுக்குச் சொன்னது என்று பிறகு அவரே சொல்லியும் பலனில்லை, அந்த வாசகம் புத்தகத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2019 பிப்ரவரியில் நாவல் வந்தபோது என்னைப் போன்றவர்கள் அரியணை, குலச்சண்டை, யார் யாரைக் கவிழ்ப்பார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தோம். இது அந்த ரகம் இல்லை. அரியணை இருக்கிறது, ஆனால் 200 பக்கம் தாண்டியும் அது யாருடைய பிரச்சினை என்றே தெளிவாகாது.

கதை என்னவென்றால், ட்ராக்கர் என்று ஒருவன். பெயரே அதுதான், தடம் பார்ப்பவன். ஒரு ஆளின் வாசனை ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் அந்த ஆள் எத்தனை நாள் நடைத் தூரத்தில் இருந்தாலும், சாகும்வரை, அவனால் பின்தொடர முடியும். அவனை ஒரு அடிமை வியாபாரி கூலிக்கு அமர்த்துகிறான், மூன்று வருடத்துக்கு முன் காணாமல் போன ஒரு பையனைக் கண்டுபிடிக்க. கூடவே ஒரு கும்பல்: நினைத்தால் மனிதனாகவும் சிறுத்தையாகவும் மாறும் ஒருவன், ராட்சசன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் சடோகோ என்ற ராட்சசன், சோகொலோன் என்ற சூனியக்காரி, தண்ணீராக ஓடக்கூடிய ஒரு நீர்த்தேவதை, இன்னும் சிலர். ஒருவரையொருவர் யாரும் நம்புவதில்லை. இதையெல்லாம் ட்ராக்கர் சிறையில் உட்கார்ந்து, தன்னை விசாரிக்கும் ஒரு அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவர் எழுதிக்கொள்கிறார். கதை முடிவைக் கெடுத்துவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம், அந்தப் பையன் செத்துப்போய்விட்டான் என்பதை நாவலே தன் முதல் வரியில் போட்டு உடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் முதல் வாசிப்பில் நான் கோட்டை விட்டேன். முடிவு தெரிந்த தேடலுக்கு ஏன் 600 பக்கம் என்று தோன்றியது. இரண்டாவது தடவை படிக்கும்போது வேறொரு புத்தகம் ஞாபகம் வந்தது. நைஜீரியாவில் டி. ஓ. ஃபகுன்வா என்ற ஆசிரியர் 1938-இல் யொருபா மொழியிலேயே ஒரு நாவல் எழுதினார். ஒரு வேட்டைக்காரன் ஆவிகள் நிறைந்த காட்டுக்குள் போகிறான், ஒன்று மாற்றி ஒன்றாக விசித்திரப் பிறவிகளைச் சந்திக்கிறான், சண்டை போடுகிறான், ஏமாறுகிறான், ஏமாற்றுகிறான். வயதான பிறகு ஒருவரிடம் வந்து, பேனாவை எடு, நான் சொல்லச் சொல்ல எழுது என்கிறான். அதுதான் நாவல். நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா அதை 1968-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதே வழியில் அமோஸ் டுட்டுவோலா 1952-இல் எழுதிய நாவலில் கள் குடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன், செத்துப்போன தன் கள்ளிறக்குபவனைத் தேடி இறந்தவர்களின் ஊருக்குக் கிளம்புகிறான். தேடல் என்பது அங்கே ஒரு சாக்கு. வழியில் நடப்பதுதான் கதை.

ஜேம்ஸின் நாவல் வேர் பிடித்திருப்பது அந்த மண்ணில். சிறையில் உட்கார்ந்து எழுதச் சொல்லும் ட்ராக்கர், ஃபகுன்வாவின் வேட்டைக்காரனுக்குப் பேரன் முறை. இதைப் புரிந்துகொண்டு, பையன் கிடைத்தானா என்ற அவசரத்தை விட்டுவிட்டுப் படித்தால் நாவலின் முதல் பாதி அப்படியே திறந்துகொள்கிறது. கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை, நடுவில் ஒரு பொய், பொய் என்று அவனே ஒப்புக்கொள்ளும் இன்னொரு இடம். வாய்மொழிக் கதைசொல்லிக்கு உள்ள அத்தனை உரிமையையும் ஜேம்ஸ் எடுத்துக்கொள்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் கிரியோ என்று ஒரு பரம்பரைக் கதைசொல்லிக் குலம் உண்டு, அரசர்களின் வம்ச வரலாற்றை மனப்பாடமாகப் பாடுகிறவர்கள், 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் கதை இன்றுவரை உயிரோடு இருப்பதே அவர்கள் தொண்டையில்தான். அந்தக் காவியத்தில் சுந்தியாட்டாவின் தாய் பெயர் சோகொலோன், எருமையின் ஆவி புகுந்த பெண். நாவலின் சூனியக்காரிக்கு அந்தப் பெயரை வைத்தது தற்செயல் இல்லை. நாவலுக்குள் ஒரு அரசன் தெற்கத்திக் கிரியோக்களை வேட்டையாடிக் கொன்றிருக்கிறான், ஏனென்றால் உண்மையான வாரிசு யார் என்பது அவர்கள் பாட்டில் இருந்தது. அந்த நாட்டில் பட்டம் அரசனின் சகோதரி மகனுக்குப் போக வேண்டும், பல தலைமுறைக்கு முன் ஒரு அரசன் அதைத் தன் மகனுக்கு என்று திருப்பிவிட்டான். நம் பக்கத்தில் மருமக்கள்வழி என்று சொல்வோமே, அதுதான், நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கானாவின் அசாந்தே அரசுரிமை இன்றும் தாய்வழியில்தான் போகிறது. இந்த ஒரு விஷயத்தை நாவல் எவ்வளவு அழகாகக் கதையின் அடியில் புதைத்து வைத்திருக்கிறது என்பது பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரியும். புதைத்ததில் கொஞ்சம் ஆழம் அதிகம் என்பது என் புகார்.

பலத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது சாபக் குழந்தைகள் பகுதி. எத்தியோப்பியாவின் தெற்கே ஓமோ பள்ளத்தாக்கில் ஹமர், காரா, பன்னா மக்களிடம் மிங்கி என்று ஒரு நம்பிக்கை உண்டு. மேல் பல் முதலில் முளைத்த குழந்தை, இரட்டைக் குழந்தை, ஊர் ஒப்புக்கொள்ளாத உறவில் பிறந்த குழந்தை, இவையெல்லாம் ஊருக்கு மழையைத் தடுக்கும் தீட்டு என்று ஒதுக்கி, காட்டில் விட்டு வந்திருக்கிறார்கள். காரா மக்கள் 2012-இல் இதை முறைப்படி கைவிட்டார்கள். ஜேம்ஸ் இந்தச் சொல்லை அப்படியே எடுத்து, சங்கோமா என்ற மருத்துவச்சி அப்படி வீசப்பட்ட குழந்தைகளைக் காட்டுக்குள் ஒளித்து வளர்ப்பதாக எழுதுகிறார். ஒட்டகச்சிவிங்கிக் கால் கொண்ட பையன், கையும் காலும் இல்லாமல் பந்தாக உருண்டே வரும் பையன், ஒட்டிப் பிறந்த இரட்டையர், தோல் நிறமில்லாத பையன், அப்புறம் புகையாகவே இருக்கும் ஒரு சிறுமி. அந்தப் புகைச் சிறுமி ட்ராக்கரின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், கலைவாள், வேறிடத்தில் சேர்வாள். அவனுக்கு முதலில் அருவருப்புதான். ‘இதுகளை எதற்கு வளர்க்கிறாய்’ என்கிற மாதிரியான ஆள் அவன். சொந்த வீட்டை வெறுத்து ஓடிவந்தவன், யாரையும் ஒட்டவிடாதவன், கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பன் மாதிரி ஆகிற விதம் இருக்கிறதே, 600 பக்கத்தில் அதற்கு மட்டும்தான் என் கண் கலங்கியது. பிற்பாடு அந்தக் குழந்தைகளுக்கு நடப்பதைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இது வேலை செய்கிறது? நம்பிக்கையை எடுக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் ஊரையும் சேர்த்து எடுத்திருக்கிறார். பயம் யாருக்கு, விலை யார் கொடுக்கிறார்கள், தாய் எந்த இருட்டில் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள், எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. ட்ராக்கரின் ஓநாய்க் கண்ணும் அப்படித்தான். இன்றைய நைஜீரியாவின் வடகிழக்கில் இருந்த போர்னு நாட்டுக் கனூரி மக்களிடம் மனிதன் கழுதைப்புலியாக மாறும் கதைகள் உண்டு, அந்தப் பிறவிக்கு புல்துங்கின் என்று பெயர், ‘நான் கழுதைப்புலியாக மாறுகிறேன்’ என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள். நாவலில் அந்தப் பெண் கழுதைப்புலிகளிடம் மாட்டிக்கொண்டு ட்ராக்கர் ஒரு கண்ணை இழக்கிறான், அந்த இடத்தில் ஓநாயின் கண் வைக்கப்படுகிறது. இருட்டில் பார்க்க முடியும், ஆனால் அந்தக் கண் அவனுடைய அவமானத்தின் அடையாளம், அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்கிறான். மாயம் சும்மா கிடைத்த வரமாக இல்லாமல் காயமாக இருப்பது நல்ல ஃபேண்டஸியின் லட்சணம்.

இன்னொரு காட்சி, டொலிங்கோ என்ற நகரம். மரங்களின் உச்சியில் கட்டிய ஊர், மேடைகள் தானாக மேலே கீழே போகும், கதவுகள் தானாகத் திறக்கும், படுக்கை தானாக விரியும். படிக்கிற நமக்கே வாய் பிளக்கும், ஆகா, ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு இப்படி ஒரு ஆப்பிரிக்க நகரம் என்று. ட்ராக்கர் ஒரு சுவரை உடைக்கிறான். உள்ளே கை கால்களில் கயிறு கட்டப்பட்ட ஒரு அடிமை. அவன் கை இழுபட்டால் கதவு திறக்கும், கால் இழுபட்டால் இன்னொன்று நகரும். ஊரே அப்படித்தான் இயங்குகிறது, ஒவ்வொரு சுவருக்குள்ளும் ஒரு ஆள். சர்க்கரைத் தோட்டங்களில் அடிமைகளின் உடம்பை வைத்துச் சம்பாதித்த ஒரு தீவில் பிறந்தவர் கற்பனை செய்யக்கூடிய அதிசய நகரம் வேறு எப்படி இருக்கும்? நாவல் முழுக்க இந்தத் தரத்தில் இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், வாங்குங்கள் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன்.

சரி, இப்போது பலவீனம். மிங்கியை எடுத்த அதே கை இன்னும் பத்துப் பதினைந்து பிறவிகளை எடுத்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் அந்தக் கவனம் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் கோசா, சூலு மக்களின் நம்பிக்கையில் இம்புண்டுலு என்று ஒரு மின்னல் பறவை உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக ஆள் உயரம் இருக்கும், சிறகடித்தால் இடி, நகம் பட்டால் மின்னல். சூனியக்காரிக்கு ஏவலாக இருக்கும், அவள் இறந்தால் மகளுக்குப் போகும். சொத்து மாதிரி, தாயிடமிருந்து மகளுக்கு. அழகான இளைஞனாக உருமாறிப் பெண்களிடம் வரும் என்றும் சொல்வார்கள். எவ்வளவு வேலை கொடுக்கக்கூடிய தொன்மம் பாருங்கள்: ஒரு வீட்டுக்குள் தாய் மகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் ரகசியம், ஊர் அந்த வீட்டைப் பார்க்கும் பார்வை, மின்னல் விழுந்த வீட்டில் யாரைக் குற்றம் சொல்வது என்ற பஞ்சாயத்து. நாவலில் அது வெளுத்த தோலும் அழகான முகமுமாக ரத்தம் குடித்துத் திரியும் ஒரு கும்பல் தலைவனாக வருகிறது. பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிராகுலாவுக்கு ஒரு ஆப்பிரிக்கப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது, அந்தத் தாயும் மகளும் காணாமல் போய்விட்டார்கள்.

சசபோன்சம் பாடும் அதே பாடுதான். கானாவின் அகான் மக்களின் காட்டுப் பூதம் அது, உயரமான மரக்கிளையில் உட்கார்ந்து கொக்கி மாதிரியான நீண்ட கால்களைத் தொங்கவிட்டிருக்கும், கீழே போகும் வேட்டைக்காரனைத் தூக்கிவிடும். அடர்ந்த காட்டுக்குள் அளவுக்கு மீறிப் போகாதே என்று காடு சொல்லும் எச்சரிக்கையாகத்தான் அது அந்த மண்ணில் இருந்திருக்கிறது. நாவலில் அண்ணன் தம்பியாக இரண்டு பேர் வருகிறார்கள், சிறகு இருப்பவன் ஒருவன், சண்டைக் காட்சிகளுக்கு அருமையான எதிரி. அருமையான எதிரி, அவ்வளவுதான். சசபோன்சம் கானாவிலிருந்து, மின்னல் பறவை தென்னாப்பிரிக்காவிலிருந்து, நடுவில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம், வேறு மொழி, வேறு தெய்வம், வேறு சாப்பாடு. இரண்டும் ஒரே வேட்டைக் கும்பலில் சேர்ந்து சுற்றும்போது ‘ஆப்பிரிக்கத் தொன்மம்’ என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கிய சத்தம் கேட்கிறது. ஆப்பிரிக்கத் தொன்மம் என்று ஒன்று கிடையாது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். 54 நாடு, 2,000-க்குப் பக்கமான மொழிகள், அத்தனைக்கும் தனித்தனிக் கதைகள்.

இதற்கு ஜேம்ஸ் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரன். ஜமைக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. அகான், இக்போ, கொங்கோ என்று ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாதவர்கள் ஒரே தோட்டத்தில் அடைக்கப்பட்டார்கள், அவர்களின் கதைகளும் அங்கேயே கலந்தன. அகான் மக்களின் சிலந்தி அனன்சி இன்று ஜமைக்கக் குழந்தைகளின் பாட்டிக் கதைகளில் வாழ்வது அப்படித்தான். ஆகவே எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாத கலவைதான் அவர் கைக்கு வந்த சொத்து, அதைக் கலவையாகவே எழுதுகிறார் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் கோசா மின்னல் பறவையும் ஓமோ பள்ளத்தாக்கின் மிங்கியும் அந்தக் கப்பல்களில் வந்தவை இல்லை, புத்தகம் தேடிப் படித்துச் சேர்த்தவை. தேடிச் சேர்த்ததில் எதற்கு அவர் மனசு கொடுத்தார், எதைப் பட்டியலிலிருந்து எடுத்தார் என்பது படிக்கும்போது தெரிந்துவிடுகிறது.

அடுத்தது கதைக் கட்டு. ஃபகுன்வா வழிக் கதைக்கு அவசரம் கிடையாது என்றேன். ஆனால் ஜேம்ஸ் அதன்மேல் ஐரோப்பிய ஃபேண்டஸியின் குழுப் பயணத்தையும் ஏற்றிவிட்டார், பலவகைத் திறமை உள்ள ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொருளைத் தேடிப் போகும் அந்தப் பழைய வண்டி. குழுப் பயணம் என்றால் யார் எங்கே, எதற்கு, இன்னும் எவ்வளவு தூரம் என்ற கணக்கு வாசகன் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்கை இந்த நாவல் கவனிப்பதே இல்லை. கும்பல் சேர்கிறது, பிரிகிறது, ஒருவன் காட்டிக்கொடுக்கிறான், இன்னொருவன் 100 பக்கம் காணாமல் போகிறான், திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது மாதிரி பேசுகிறான், பையன் ஏறக்குறையக் கைக்கு எட்டுகிறான், நழுவுகிறான், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. தொடக்கத்திலேயே நீளமான கதாபாத்திரப் பட்டியலும் வரைபடங்களும் இருக்கின்றன, அவை இல்லாமல் நடுப்பகுதியைத் தாண்டுவது கஷ்டம். தூரத்திலிருக்கும் நகரங்களை நொடியில் இணைக்கும் மாயக் கதவுகள் வேறு இருக்கின்றன, நல்ல கற்பனைதான், ஆனால் எந்தக் கதவு எந்த ஊருக்கு என்று நான் பென்சிலில் குறித்துவைக்க வேண்டியிருந்தது.

பேச்சு. இதுதான் என்னை மிகவும் சோதித்தது. இந்த ஆட்கள் சும்மா பேச மாட்டார்கள், எல்லோரும் எல்லா நேரமும் நக்கல். சூனியக்காரியும் நக்கல், சிறுத்தையும் நக்கல், அடிமை வியாபாரியும் நக்கல், கத்தி கழுத்தில் இருக்கும்போதும் நக்கல். ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வம்பளக்கும் நாலு பேர் மாதிரி எல்லோருக்கும் ஒரே நாக்கு. யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் அரைப் பக்கம் மேலே போய் எண்ணிக்கொண்டு வந்த இடங்கள் உண்டு. சொல்வது ட்ராக்கர், அவன் நாக்கில்தான் எல்லோரும் பேசுவார்கள் என்று வாதாடலாம். இருக்கலாம். ஆனால் அதே ட்ராக்கர்தான் சடோகோவின் இரவைச் சொல்கிறான்: வாய் திறக்காத அந்தப் பெரிய உருவம் ஒரு ராத்திரி பேசத் தொடங்கி, தான் கொன்றவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, விடியும்வரை நிறுத்தவில்லை. அங்கே நக்கல் இல்லை, குரல் வேறு, பாரம் வேறு. முடியும் என்று காட்டிவிட்டு மற்ற இடங்களில் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

மொழியைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் வாக்கியங்கள் வேறு எங்கோ பிறந்து வந்த மாதிரி வளைகின்றன. மணி நிமிடம் கிடையாது, நாட்களை நிலவை வைத்து எண்ணுகிறார்கள், தூரத்தை நடையை வைத்து அளக்கிறார்கள், பழமொழியை வைத்தே சண்டை போடுகிறார்கள். யொருபாவில் ஓரிக்கி என்று ஒரு புகழ்ப்பாட்டு வகை உண்டு, நாவலின் ஒரு பகுதிக்கு அதையே தலைப்பாக வைத்து, ட்ராக்கர் சொல்ல விரும்பாத சில நல்ல வருடங்களை ஒரு கிரியோவின் பாட்டில் சொல்ல வைக்கிறார். அவனும் மோசி என்ற முன்னாள் காவல் அதிகாரியும் காதலர்களாகக் குடும்பம் நடத்திய காலம் அது. சந்தோஷத்தைத் தன் வாயால் சொல்லத் தெரியாதவனுக்காக இன்னொருவர் பாடுவது எவ்வளவு நுட்பமான யோசனை. ஆணும் ஆணும் காதலிப்பதை ஒரு பழங்கால ஆப்பிரிக்க உலகத்தில் இவ்வளவு சாதாரணமாக வைத்ததும் ஜேம்ஸின் துணிச்சல்தான்.

வன்முறை விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் எனக்குப் பழக்கம்தான், சண்டைக் கதை படிப்பவன்தான். இங்கே பாலியல் வன்முறை திரும்பத் திரும்ப வருகிறது, குழந்தைகளுக்கு நடப்பதும் வருகிறது, ட்ராக்கரின் குரல் அதைத் தோள் குலுக்கிவிட்டுக் கடக்கிறது. மகளுக்கு வேண்டாம் என்றது இதனால்தான். முதல் இரண்டு தடவை அந்த அலட்சியம் அவனுடைய காயத்தைக் காட்டுகிறது, அதுவே பழகிவிட்ட பிறகு எதையும் காட்டுவதில்லை, மரத்துப்போகிறது. பெண்களை அவன் பார்க்கும் விதமும் அப்படியே. தாயை வெறுக்கிறான், சூனியக்காரி என்ற சொல்லை வசவாகவே வைத்திருக்கிறான், சோகொலோனை ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டான். 2022-இல் வந்த இரண்டாம் பாகம், ‘மூன் விட்ச், ஸ்பைடர் கிங்’, முழுக்க சோகொலோனின் வாயால் சொல்லப்படுகிறது, 177 வயதுக்காரி, இதே தேடலை அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் ட்ராக்கர் எவ்வளவு சின்ன ஆள் என்பது தெரிகிறது. மூன்று பாகம், மூன்று பேர், மூன்று சாட்சியம், யாரை நம்புவது உங்கள் பாடு என்பதுதான் மொத்தத் திட்டம். திட்டம் பிரமாதம். ஆனால் பெண்களுக்கு அடுத்த புத்தகத்தில் நியாயம் கிடைக்கும் என்பது இந்தப் புத்தகத்துக்கு வக்காலத்து ஆகாது, இதை மட்டும் வாங்கிப் படிப்பவர் 600 பக்கத்துக்கு ட்ராக்கரின் தலைக்குள் தனியாக மாட்டிக்கொண்டிருப்பார். நேர்மையாகச் சொன்னால் எனக்கு இரண்டாம் பாகம்தான் அதிகம் பிடித்தது, அவளுடைய பேச்சில் ஜமைக்க நாக்கு நன்றாகவே கேட்கிறது.

வாங்கலாமா என்றால், உங்களுக்குக் கதையின் முடிச்சு முக்கியமா, சொல்லும் குரல் முக்கியமா என்று பாருங்கள். முடிச்சு என்றால் நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குரல் என்றால் வாங்குங்கள், ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், இரவுக்கு ஒரு அத்தியாயம் போதும், சங்கோமாவின் குழந்தைகள் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அது முன்பகுதியிலேயே வந்துவிடும். அங்கேயும் மனசு ஒட்டவில்லை என்றால் இது உங்களுக்கான புத்தகம் இல்லை, விட்டுவிடலாம், பாவம் ஒன்றும் இல்லை.

மகளுக்கு ந்னேடி ஒகோராஃபோரின் ‘அகாட்டா விட்ச்’ வாங்கிக் கொடுங்கள், 2011-இல் வந்தது. அதிலும் சிறுத்தை என்ற பெயரில் ஒரு மாயக் கூட்டம் வருகிறது, ஆனால் கதை நைஜீரியாவின் அபா நகரத்துப் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் தொடங்குகிறது, ந்சிபிடி என்று அந்தப் பக்கத்தில் உண்மையாகவே புழங்கிய சித்திர எழுத்து கதைக்குள் மாய எழுத்தாக வருகிறது. நாயகி சன்னிக்கு 12 வயது, தோல் நிறமில்லாமல் பிறந்தவள், ஜேம்ஸின் காட்டில் ஒளித்து வளர்க்கப்பட்ட அந்தப் பையனைப் போல. இவள் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், கால்பந்து என்றால் உயிர், வெயிலில் ஆட முடியவில்லையே என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை.